திசையும் கடிகாரமும்: ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தரைத்தள வீட்டின் அறை அமைப்பு

ஓசூரில் வீடு கட்டக் கிளம்பும் குடும்பத்திடம் முதலில் வரும் கேள்வி, "சைட் எந்தப் பார்வை?" என்பது. அடுத்தது, "முப்பதுக்கு நாற்பதா?" என்பது. செண்டிலும் கிரவுண்டிலும் மனை அளந்த தமிழ்நாட்டுப் பழக்கத்தோடு, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பெங்களூர் சைட் கணக்கும் இங்கே ஊன்றிவிட்டது. 30 அடிக்கு 40 அடி, அதாவது 1,200 சதுர அடி, ஏறத்தாழ இரண்டே முக்கால் செண்டு. ஆலைத் தொழிலாளி ஒருவர் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கும் மனை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. அதில் தரைத்தளம் மட்டும் முதலில் எழும்புகிறது.

பார்வையும் அளவும் தெரிந்ததும் மேஸ்திரி பிளான் சொல்லிவிடுகிறார். அந்த வீட்டில் யார் எந்த நேரத்தில் தூங்குவார், யார் எந்த நேரத்தில் சமைப்பார் என்ற கேள்வி அதற்குள் வருவதில்லை. சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் வந்தது முதல் மூன்று ஷிப்ட்டில் இயங்கும் ஊர் இது. இந்த ஊரின் வீடு திசையைப் பார்த்து வரையப்படுகிறது, கடிகாரத்தைப் பார்த்து வரையப்படுவதில்லை. இந்த வட்டாரத்தில் வீட்டமைப்பை இதுவரை எவை தீர்மானித்தன, அவற்றில் எவை இன்றும் பொருந்தும், எங்கே இடைவெளி விழுகிறது என்று வரிசையாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கல் வகுத்த அளவு

கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை மண். சூளகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கருங்கல் பலகைகளையே சுவராக நட்டு, பலகைகளையே கூரையாகப் பரப்பிய வீடுகளை இன்றும் காணலாம். அந்த வீடுகளில் அறையின் அகலத்தை முடிவு செய்தது கல்தான். ஒரு பலகை இரண்டு சுவர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் முறியாமல் தாங்குமோ, அறை அவ்வளவு அகலம். அதைவிட அகலம் வேண்டுமென்றால் நடுவே கல்தூண் நிற்கும். அதனால் அறைகள் குறுகலாகவும் நீளமாகவும் அமைந்தன.

வசதியுள்ள குடும்பங்கள் வேறு விதமாகக் கட்டின. கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீடும் கன்னட நாட்டின் தொட்டி மனையும் ஒரே ஏற்பாடுதான்: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றித் தாழ்வாரம், அதைச் சுற்றி அறைகள். வெளிச்சமும் காற்றும் நடுவிலிருந்து வந்ததால் வெளிச்சுவரில் பெரிய ஜன்னல் தேவைப்படவில்லை. 30க்கு 40 சைட்டில் இந்த முற்றத்துக்கு இடமில்லை. முற்றம் போனதும் அதன் வேலையைப் பக்கத்துச் சந்துகள் ஏற்றிருக்க வேண்டும். சுற்றுச்சுவரை ஒட்டி வீட்டுச் சுவரை எழுப்பியதில் அதுவும் நடக்கவில்லை. பல வீடுகளின் நடு அறையில் பகலிலும் விளக்கு எரிவதற்குக் காரணம் இதுவே.

சாஸ்திரத்தின் கணக்கு

இன்று பெரும்பாலான வீடுகளின் வரைபடத்தை நிர்ணயிப்பவை வாஸ்துவும் மனையடி சாஸ்திரமும். அடுப்படி தென்கிழக்கு அக்னி மூலையில், பூஜை வடகிழக்கு ஈசானியத்தில், குடும்பத் தலைவரின் படுக்கையறை தென்மேற்குக் கன்னி மூலையில், கழிவறை வடமேற்கு வாயு மூலையில். இவற்றை ஒரேயடியாகத் தள்ளுவதோ ஒரேயடியாக ஏற்பதோ பயன் தராது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

தென்கிழக்கு அடுப்படிக்கு இங்கே நியாயம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிறது. புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள் திரும்பாமல் கிழக்கே வெளியேறும். காலை வெயில் அடுப்படி ஈரத்தைக் காய வைக்கும். கன்னி மூலைப் படுக்கையறைக்கு இதே நியாயம் கிடைக்கவில்லை. பிற்பகல் வெயிலை முழுதாக வாங்குவது மேற்குச் சுவரும் தென்மேற்கு மூலையும்தான். பகல் முழுக்கச் சூடேறிய சுவர், மாலைக்கு மேல் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. அந்த மூலை கனமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும் என்றும் அதே வாஸ்து சொல்கிறது. அந்த வாக்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டை அங்கே வைத்தால் அது வெயிலுக்குத் தடுப்பாகும்.

மனையடி சாஸ்திரத்தில் சிக்கல் வேறு. 6, 8, 10, 11 அடி நல்ல அளவுகள் என்று எண்ணப்படுகின்றன. அடுத்த நல்ல அளவு 16. இடையிலுள்ள 12 முதல் 15 வரை ஆகாதவை. சிறிய சைட்டில் ஒரு கூடத்துக்கு இயல்பாகக் கிடைப்பது இந்த 12 முதல் 15 அடிதான். அளவை 11க்குச் சுருக்கினால் இடம் வீணாகிறது. 16க்கு நீட்டினால் பக்கத்து அறை நசுங்குகிறது. பெரிய மனைகளுக்கு வகுத்த கணக்கைச் சிறிய மனையில் பொருத்தும்போது வரும் நெருக்கடி இது. நம்பிக்கை உள்ளவர்கள் முக்கியமான ஓர் அறைக்கு மட்டும் அந்த அளவைக் கடைப்பிடித்து, மற்றவற்றில் தளர்வது நடைமுறையில் உதவும்.

சட்டமும் அரசு வீடுகளும்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 குறைந்தபட்ச அளவுகளைத் தருகிறது. வாழும் அறை 9.5 சதுர மீட்டர் (சுமார் 102 சதுர அடி), இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டர், அடுப்படி 5 சதுர மீட்டர், குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறை 2.8 சதுர மீட்டர், அறையின் உயரம் 2.75 மீட்டர். இவை ஒரு மனிதர் நெருக்கடியின்றி நடமாடத் தேவையான அடித்தள அளவுகள். மாநிலத்தில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாலையின் அகலத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்து முன்னும் பக்கமும் பின்னும் விட வேண்டிய இடத்தை வரையறுக்கின்றன. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். ஆய்வாளர் வந்து பார்த்துச் சொல்லும் கட்டம் நீங்கிவிட்டதால், வரைபடம் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அரசே கட்டித்தரும் வீடுகளிலும் ஒரு பாடம் உண்டு. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடிக்குள் கூடம், படுக்கையறை, அடுப்படி, கழிப்பறை, முன்தாழ்வாரம் எல்லாம் அடங்கின. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் பரப்பை 360 சதுர அடியாக உயர்த்தியது. அந்தச் சிறு பரப்பிலும் ஒரு தாழ்வாரம் இடம்பெற்றதைக் கவனிக்க வேண்டும். மழையில் நனையாமல் செருப்பு கழற்ற, ராகி புடைக்க, வந்தவரோடு உட்கார்ந்து பேச ஓரிடம் வேண்டும். 700 சதுர அடியில் சொந்தப் பணத்தில் கட்டுபவர்கள்தான் தாழ்வாரத்தை முதலில் வெட்டுகிறார்கள்.

அடி எண்ணிய அடுப்படி

வீட்டமைப்பை மனித அசைவிலிருந்து தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர் மார்கரேட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926இல் அவர் வடிவமைத்த அடுப்படி 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. சமைக்கும் பெண் எத்தனை அடி எடுத்து வைக்கிறாள், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கணக்கிலிருந்து அந்த அளவு பிறந்தது. அதுவும் ஆலை வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கான வீடுதான் என்பதால் நமக்கு நெருக்கமானது.

அளவை எடுத்துக்கொள்ளலாம். வேலையை நாமே எண்ண வேண்டும். இங்கே ராகிக் களி கிண்டுகிறார்கள். பானையைத் தரையில் இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு கோலால் அழுத்திக் கிண்டுவதற்கு இடுப்புயர மேடை உதவாது. பின்பக்கம் கூரையோடு கூடிய நான்கடித் தாழ்வாரம் ஒன்று இருந்தால் களியும் அங்கே கிண்டலாம், பாத்திரமும் அங்கே கழுவலாம், வாஷிங் மெஷினும் அங்கே நிற்கும். ஓசூர்க்காரர்கள் 'யூட்டிலிட்டி' என்று சொல்லும் அந்த இடம், அடுப்படியிலிருந்து நேராகக் காலடி வைக்கும் தூரத்தில் அமைய வேண்டும்.

கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவரது குழுவினரும் 1977இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூல், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்று வலியுறுத்துகிறது. கேரளத்தைக் களமாகக் கொண்டு உழைத்த லாரி பேக்கர், செங்கல்லை நெட்டாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டுமானத்தைப் பரப்பினார். அதில் கால் பங்கு செங்கல் மிச்சமாகும், வெற்றிடம் வெயிலையும் தடுக்கும்.

ஓசூரில் இப்போது 6 அங்குல சாலிட் பிளாக் சுவர்தான் பரவலாக எழும்புகிறது. 24க்கு 32 அடி வெளியளவுள்ள வீட்டில், 9 அங்குல வெளிச்சுவரும் நாலரை அங்குல உள்சுவர்களும் வைத்தால் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைச் சுவர்களே எடுத்துக்கொள்கின்றன. வெளிச்சுவரை 6 அங்குலமாக்கினால் 27 சதுர அடி திரும்பக் கிடைக்கும். அந்த 27 சதுர அடிக்கு விலை, மேற்குச் சுவரில் கூடுதலாக இறங்கும் சூடு. மேற்கை மட்டும் 9 அங்குலமாக வைத்து, மற்ற மூன்று பக்கங்களை மெலிதாக்குவது நல்ல சமரசம்.

ஒரே மாவட்டம், இரண்டு வெயில்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். நடுவிலுள்ள இந்த 400 மீட்டர் இறக்கம் வீட்டுக்குள் நன்றாகவே உணரப்படும். மார்கழிக் காலையில் ஓசூரில் தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் ஒரு வரம். கிருஷ்ணகிரியில் சித்திரை மாதத்தில் பகல் மட்டுமல்ல, இரவும் வேகும்.

ஓசூரின் அட்சரேகைப்படி ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. எனவே வடக்குச் சுவருக்கும் சன்ஷேடு தேவை. டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 54 டிகிரி உயரத்தில் இருக்கும். ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு போட்டால் அதன் நிழல் இரண்டே முக்கால் அடிக்கு மேல் இறங்காது. அதற்குக் கீழே வெயில் உள்ளே வரும். ஓசூருக்கு இது போதும்.

தரைத்தளம் மட்டுமுள்ள வீட்டில் எல்லா அறைகளும் வெயில் படும் கூரைக்கு நேர் கீழே இருக்கின்றன. மாடி வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கிடைக்கும் நிழல் இங்கே இல்லை. ஆகவே கிருஷ்ணகிரியில் கான்கிரீட்டின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளமோ வெள்ளைத் தட்டோடோ போடுவதை, பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளி வைக்கக் கூடாது.

பகலில் தூங்குகிறவரின் அறை

பல ஆலைகளில் ஷிப்ட் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று மாறுகிறது. இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு வருகிறவர் பிற்பகல் வரை தூங்கியாக வேண்டும். ஓசூர்த் தெருக்களில் நடந்தால் சில ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கம் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் சத்தம், பத்து மணிக்கு மிக்சி, பதினொன்றுக்குக் குக்கர் விசில், கூடத்தில் ஓடும் டிவி. அந்தச் செய்தித்தாள் வெளிச்சத்தைத் தடுக்கும். சத்தத்தையும் சூட்டையும் தடுக்காது. வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் சொந்த வீட்டில் கிசுகிசுத்தே பேசிப் பழகுகிறார்கள். அந்த மனிதர் சரியாகத் தூங்காமல் அன்றிரவு இயந்திரத்தின் முன் நிற்கிறார். விபத்துக்கு இட்டுச்செல்லும் களைப்பு வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்குகிறது. இதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பகல் தூக்கத்துக்கான அறைக்கு நான்கு தேவைகள். மேற்கு வெயில் படக்கூடாது. அடுப்படியோடும் டிவி நிற்கும் சுவரோடும் ஒட்டியிருக்கக் கூடாது. தெருப்பக்கம் ஜன்னல் கூடாது. கழிவறைக்குப் போகக் கூடத்தைக் கடக்கும்படி இருக்கக் கூடாது. இந்த நான்கையும் கன்னி மூலை அறையால் நிறைவேற்ற முடியாது. வடக்கு ஓரத்தின் நடு அறையால் முடியும்.

அதிகாலை ஷிப்ட்டுக்குப் போகும் பெண்ணின் நேரமும் இதே அளவு முக்கியம். நான்கு மணிக்கு அவள் அடுப்பைப் பற்ற வைக்கும்போது குழந்தையும் மாமியாரும் விழிக்காதபடி அடுப்படி தள்ளி இருக்க வேண்டும். அவள் குளிக்கும் அறைக்கு யாருடைய படுக்கையறை வழியாகவும் போகும்படி இருக்கக் கூடாது.

ஐம்பதடிக் கேள்வி

கழிவுநீர் ஊறும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி 50 அடி. 30க்கு 40 மனையின் மூலைவிட்டம் சரியாக 50 அடி. அதாவது, ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணறும் எதிர்மூலையில் கழிவுநீர்க் குழியும் வைத்தால் மட்டுமே அந்த இடைவெளி கிட்டும். ஈசானியத்தில் தண்ணீர் என்றால் எதிர்மூலை கன்னி மூலை. அங்கே குழி தோண்ட யாரும் சம்மதிப்பதில்லை. வாயு மூலைக்குக் கொண்டுபோனால் தூரம் 40 அடிக்குள் அடங்கிவிடும். நம் கணக்கு சரியாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றுக்கு அருகே இருக்கலாம். எனவே இந்த அளவு மனைகளில் ஆழ்துளைக் கிணற்றைக் குடிநீருக்கு நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

இந்த வட்டார நிலத்தடி நீரில் ஃபுளோரைடு வேறு அதிகம். அதற்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாய்த் தண்ணீர் வராத நாட்களுக்குக் கூரை இருக்கிறது. 24க்கு 32 அடி மொட்டை மாடியின் பரப்பு 71 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மி.மீ. மழை என்று வைத்தால் 57,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 45,000 லிட்டர் தேறும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுத் தேவை 7,300 லிட்டர்தான். தமிழ்நாட்டில் 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெரும்பாலும் அது ஒரு குழாயை மண்ணில் இறக்குவதோடு முடிந்துவிடுகிறது. முதல் மழையை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வழியாகக் குடிநீருக்கென்று தனியாக ஒரு சம்ப் கட்ட, வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். வாசல் கான்கிரீட் போட்ட பிறகு யோசித்தால் இடம் கிடைக்காது.

நாளைக்கு எழும் மாடி

தரைத்தளத்தோடு நின்றுவிடப் போகிறோம் என்று இங்கே கட்டுபவர்கள் குறைவு. மகளின் கல்யாணத்துக்குப் பிறகோ கடன் அடைந்த பிறகோ மேலே ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடும் எண்ணம் பெரும்பாலானோருக்கு உண்டு. சார்லஸ் கொரியா 1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில் அமைத்த குடியிருப்பில், ஒரு வீட்டுச் சுவரை இன்னொரு வீடு பகிராதபடி பிரித்து வைத்தார். ஒவ்வொரு குடும்பமும் தன் வசதிக்கேற்ப வளரலாம் என்பதே காரணம். வீடு வளரும் என்பதை முதல் கோட்டிலேயே ஒப்புக்கொள்ளும் அந்தச் சிந்தனை நமக்கும் பொருந்தும்.

அதன்படி, படிக்கட்டு வெளியிலிருந்து ஏற வேண்டும். மாடிக்கு வாடகைக்கு வருபவர் நம் கூடத்தை மிதித்துப் போகக் கூடாது. மேலே வரப்போகும் குளியலறை, கீழுள்ள குளியலறைக்கு நேர் மேலே வரும்படி குழாய்ப் பாதை இருக்க வேண்டும். அஸ்திவாரம் போடும்போதே மாடியின் பாரத்தையும் பொறியாளர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்த ஒரு வரைபடம்

கிழக்குப் பார்த்த 30க்கு 40 சைட்டில், விதிப்படி விட வேண்டியதை விட்டபின் 24க்கு 32 அடி கிடைக்கிறது என்று வைப்போம். மேற்கு ஓரம் முழுக்க ஆறரை அடி அகலத்துக்கு ஒரு பட்டை. அதன் தென்பாதியில் வெளியிலிருந்து ஏறும் படிக்கட்டு, வடபாதியில் இரண்டு குளியலறைகள். பிற்பகல் வெயிலை இந்தப் பட்டை வாங்கிக்கொள்ளும். அதற்குக் கிழக்கே 11 அடி நீளத்தில் இரண்டு படுக்கையறைகள்: வடக்கில் பத்தேகால் அடி அகலம், தெற்கில் எட்டரை அடி அகலம், நடுவே மூன்றடி நடை. வடக்கறை பகலில் தூங்குகிறவருக்கு. அதன் கிழக்குச் சுவர் நெடுக பீரோவும் அலமாரியும் வைத்தால் கூடத்துச் சத்தம் குறையும். தெற்கறை பெரியவர்களுக்கு, குளிர்கால வெயிலும் கிடைக்கும், நடை தாண்டினால் குளியலறையும் கிடைக்கும். வீட்டின் முன்பாதியில் வடகிழக்கே 14க்கு 12 கூடம், அதன் மூலையில் பூஜை. தென்கிழக்கே 8க்கு 12 அடுப்படி. டிவி அடுப்படிச் சுவரில்.

அடுப்படி அக்னி மூலையில், பூஜை ஈசானியத்தில், குளியலறை வாயு மூலையில், கனமான படிக்கட்டு கன்னி மூலையில். வாஸ்துவோடு இந்த வரைபடம் மோதுவது ஒரே இடத்தில்: தலைவரின் படுக்கையறை தென்மேற்கில் இல்லை. மனையடிக் கணக்கில் கூடத்தின் அளவும் அடுப்படியின் 12 அடியும் இடிக்கும். இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்தால் பகல் தூக்கம், வெயில் காப்பு, மாடிக்குத் தனி வழி மூன்றும் கைக்கு வருகின்றன. இதில் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வழியில்லை. அடுப்படியை ஒட்டித் தெற்குச் சந்தில் விதி அனுமதிக்கும் அளவுக்கு ஒரு கழுவுமிடம் அமைத்துக்கொள்ள வேண்டும். தாழ்வாரம் கட்டாயம் வேண்டுமென்றால் கூடத்தில் நாலடி விட்டுத் தர வேண்டும். இவ்வளவு சிறிய மனையில் எல்லாவற்றையும் தரும் வரைபடம் கிடையாது.

செய்ய வேண்டியவை

வரைபடக்காரரிடம் போகும் முன் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தாளில் 24 மணி நேரத்தையும் கோடிட வேண்டும். ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் தூங்குகிறார், குளிக்கிறார், சமைக்கிறார், படிக்கிறார் என்று இரவு ஷிப்ட் வாரத்துக்குத் தனியாகவும் மற்ற வாரங்களுக்குத் தனியாகவும் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் இடைஞ்சல் செய்யும் இரண்டு வேலைகள் எவை என்று அந்தத் தாளே காட்டிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சுவரையோ நடையையோ குளியலறையையோ வைப்பதுதான் வீட்டமைப்பின் முதல் வேலை.

அடுத்தது, அஸ்திவாரத்துக்கு முன் மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை முழு அளவில் கோடு போட்டுப் பார்ப்பது. கட்டிலின் அளவுக்கு ஒரு பாயை விரித்து, பீரோவின் கதவு திறக்கும் தூரத்தை அளந்து, அடுப்படியிலிருந்து கழுவுமிடத்துக்கு நடந்து பார்க்க வேண்டும். தாளில் அழகாகத் தெரிந்த எட்டடி அறை, பாய் விரித்ததும் தன் உண்மையைச் சொல்லிவிடும். அந்த நேரத்தில் கோட்டை அழித்து மாற்றச் செலவே இல்லை.

சாஸ்திரம், சட்டம், கட்டடக் கலை மூன்றும் இந்த வட்டாரத்துக்கு ஏதோ ஒன்றைத் தந்திருக்கின்றன. ஆலை வேலை இந்த ஊரின் தூக்கத்தையும் சமையலையும் மாற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் வரைபடங்கள் அந்த மாற்றத்தை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. திசையைப் பார்ப்பவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். மேஸ்திரியிடம் பார்வையைச் சொல்லும் முன் குடும்பத்தின் ஷிப்ட் அட்டவணையைச் சொல்லும் பழக்கம் வர வேண்டும். ஆயுளுக்கும் கடன் கட்டி எழுப்பும் வீட்டில், உழைத்துக் களைத்து வருகிறவருக்கு நிம்மதியான தூக்கம் கிடைப்பதை உறுதி செய்வதே எந்த வரைபடத்துக்கும் முதல் கடமை.